உளவியல் படிக்கத் தொடங்குற ஆக்கள் விடுற பிழைகள்

திருகோணமலையில இப்ப உளவளத்துணை (கவுன்சிலிங்) டிப்ளோமா செய்யிற ஆக்கள் கூடிட்டாங்க. ரீச்சர்மார், முன்பள்ளி நடத்துற அக்காமார், ஏ.எல் முடிச்சிட்டு கெம்பஸுக்கு காத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் என்டு எல்லாரும் படிக்கிறாங்க, நல்ல விசயம், ஏனென்டா யுத்தத்தையும் சுனாமியையும் பாத்த ஊருக்கு மனசப் பத்தி தெரிஞ்ச ஆக்கள் எத்தின பேர் இருந்தாலும் காணாது. ஆனா போட்டோகொப்பி அடிச்சு கைக்கு கை மாறுற அந்த நோட்ஸ பாத்தா கவலையா இருக்கு. பெயர், வருசம், எதுக்கு யாரு தந்தை, அவ்வளவுதான். ஒவ்வொரு கோட்பாடும் எந்தக் கேள்விக்கு பதில் தேடி வந்தது, அந்தப் பதில எப்பிடி சோதிச்சுப் பாத்தாங்க என்டு ஒரு வரி இல்ல. அது தெரியாம பாடமாக்கினா கீழ சொல்ற பிழையெல்லாம் தானா வந்து சேரும்.

முதலாவது, பிராய்டோட உளவியல் தொடங்கினது என்டு நினைக்கிறது. 1879 ல ஜெர்மனியில லைப்சிக் பல்கலைக்கழகத்துல வில்ஹெம் வுண்ட் உளவியலுக்கென்டு ஆய்வுகூடம் தொடங்கினப்ப பிராய்ட் வியன்னாவில மருத்துவம் படிச்சுக்கொண்டிருந்த பொடியன். அவர் வந்த வழி வேற, நரம்பு நோய் பாக்கிற டொக்டரா இருந்து, தன்னட்ட வந்த நோயாளிகள் சொன்னத கேட்டுக் கேட்டு, மனசுக்குள்ள மறைஞ்சு கிடக்கிறத தேடுற உளப்பகுப்பாய்வ உண்டாக்கினவர். ஆய்வுகூடத்துல அளந்து பாத்த கூட்டம் ஒன்டு, கிளினிக்ல இருந்து கேட்ட கூட்டம் இன்னொன்டு, இந்த ரெண்டையும் ஒரே வரிசையில நிப்பாட்டினா பிறகு வாற ஒன்டும் விளங்காது.

அதுக்காக 1879 க்கு முன்னால ஒன்டுமே இல்ல என்டும் எழுதக்கூடாது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 லயே நரம்புல செய்தி போற வேகத்த அளந்திட்டார், ஃபெக்னர் 1860 ல வெளித் தூண்டலுக்கும் நாங்க உணர்றதுக்கும் உள்ள கணக்க புத்தகமாவே போட்டிட்டார். இன்னொன்டு, வுண்ட அமைப்புவாதி, அதாவது மனச சின்னச் சின்னப் பகுதியா பிரிச்சுப் பாக்கிறவர், என்டு எழுதுறது எல்லா நோட்ஸ்லயும் இருக்கு. அமைப்புவாதம் என்ட பெயரோட அத நடத்தினவர் அவரிட்ட படிச்சு அமெரிக்காவுக்கு போன டிச்னர். வுண்ட் தன்ர கடைசி இருபது வருசத்த மொழி, புராணம், வழக்கம் இதுகள்ள மனுச மனசு எப்பிடி வெளிப்படுது என்டு பத்து பாகம் எழுதித்தான் கழிச்சவர். ஆய்வுகூடத்துக்குள்ள மட்டும் வச்சு முழு மனசையும் பிடிக்க ஏலாது என்டு அந்த மனுசன் அப்பவே சொல்லியிருக்கார், அத விட்டிட்டு வருசத்த மட்டும் கேக்கிறாங்க சோதினையில.

அடுத்தது பெரிய பிழை, இதத்தான் கொஞ்சம் நின்டு சொல்லணும். அமைப்புவாதம் செத்து செயற்பாட்டுவாதம் (மனசு எதுக்கு உதவுது என்டு பாக்கிறது) வந்தது, அது செத்து நடத்தைவாதம் (வெளியில தெரியிற நடத்தைய மட்டும் பாக்கிறது), அது செத்து அறிகை உளவியல் (நினைப்பு, ஞாபகம் இதுகள பாக்கிறது) என்டு அரச பரம்பரை மாதிரி படிக்கிறது. நடத்தைவாதத்த அறிவிச்சு வொட்சன் 1913 ல எழுதினதும், நைசர் 1967 ல அறிகை உளவியல் என்டே பெயர் வச்சு புத்தகம் போட்டதும் உண்மைதான், ஆனா ஒன்டு வந்ததும் மற்றது வெளியால போகல்ல. ஒரு உதாரணம் வச்சுப் பாப்பம். உப்புவெளிப் பக்கம் ஒரு அம்மா, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போறதில்ல, அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலே நெஞ்சு படபடக்குது, பிள்ளைகளையும் விடுறதில்ல என்டு வச்சுக்கொள்ளுங்க. உயிரியல் பக்கம் நிக்கிறவர் அந்தப் படபடப்ப பாப்பார், மூளையில அமிக்டலா ஆபத்து என்டு காட்டிக்கொடுக்கிறத, உடம்பு ஓட ஆயத்தமாகிறத. நடத்தைவாதி கேக்கிறது வேற கேள்வி: கடற்கரை றோட்டால போகாம திரும்பி வந்தா அவவுக்கு என்ன கிடைக்குது? ஒரு ஆறுதல் கிடைக்குது, பயம் உடனே இறங்குது, அந்த ஆறுதல்தான் நாளைக்கும் அவவ திரும்பி வர வைக்குது, அப்பிடியே பயம் வருசக்கணக்கா நின்டிடுது. அறிகைப் பக்கம் நிக்கிறவர் அவவுக்குள்ள ஓடுற கணக்க கேப்பார், இன்டைக்கும் சுனாமி வரும் என்டு எவ்வளவு நிச்சயமா நினைக்கிறா, அதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கிறா என்டு. உளப்பகுப்பாய்வு, அவ வாயால சொல்லாம வச்சிருக்கிற இழப்ப தேடும். மனுசன்ட வளர்ச்சிய நம்புற மானிடவாதத்துல வந்த கார்ல் ரோஜர்ஸ் வழியில படிச்சவர் அவசரப்படாம, தீர்ப்புச் சொல்லாம அவவோட இருப்பார். சமூக கலாசாரப் பக்கம் பாக்கிறவர் ஊருல ஆரெல்லாம் அவவோட நிக்கிறாங்க, திவசம் செய்ய முடிஞ்சுதா, உடம்பு கிடைக்காத ஆக்களுக்கு என்ன செஞ்சாங்க என்டு கேப்பார். இதுல எது சரி என்டு கேட்டா கேள்வியே பிழை. இன்டைக்கு சிபிடி (அறிகை நடத்தைச் சிகிச்சை) என்டு சொல்ற சிகிச்சையே நடத்தையும் அறிகையும் சேந்ததுதான், அதுல பயத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா கிட்டப்போற முறைக்கு வேர் 1924 ல மேரி கவர் ஜோன்ஸ் என்ட பெண் பீட்டர் என்ட சின்னப் பிள்ளைக்கு முயல் பயத்த போக்கின வேலையில இருக்கு. இவவின்ர பெயர் நோட்ஸ்ல வராது, வேற ஒரு பிள்ளைக்கு பயத்த உண்டாக்கின வொட்சன்ட பெயர்தான் வரும்.

மேல சொன்ன ஆறுதல் கதைதான் எதிர்மறை மீளவலியுறுத்தல். இத தண்டனை என்டு எழுதி புள்ளிய விடுற பிள்ளைகள் கணக்கில்ல. பிடிக்காத ஒன்டு விலகினதால ஒரு நடத்தை கூடினா அது மீளவலியுறுத்தல், தலையிடிக்கு பனடோல் போட்டு இடி போனா அடுத்த முறையும் பனடோல தேடுறம் தானே, அதுதான். தண்டனை நடத்தைய குறைக்கும். நாய்கள வச்சு கற்றல ஆராய்ஞ்ச பவ்லோவ் உளவியலாளர் என்டு எழுதுறதும் அப்பிடித்தான், அவர் உடற்றொழிலியல் ஆள், 1904 நோபல் சமிபாட்டு ஆய்வுக்கு கிடைச்சது.

மனுசத் தேவைகள சாப்பாடு, பாதுகாப்பு என்டு கீழயிருந்து படிப்படியா அடுக்கிற மாஸ்லோ முக்கோணத்த வேதமா எடுக்கிறதையும் விட்டிருங்க. 1943 கட்டுரையில முக்கோணமே இல்ல, அத பிறகு வேற ஆக்கள் கீறினது. கீழ்ப்படி முழுக்க நிரம்பினாத்தான் மேல்ப்படி என்டும் அவர் சொல்லல்ல, வரிசை மாறும் என்டு அவரே எழுதியிருக்கார். இடம்பெயர்ந்து முகாம்ல இருந்த காலத்துல, சாப்பாட்டுக்கே வரிசையில நின்ட நேரத்துல, மரத்துக்கு கீழ பிள்ளைகள இருத்தி பாடம் சொல்லிக்குடுத்த ஆக்கள தெரிஞ்ச எங்களுக்கு இது புத்தகம் பாத்துத்தான் விளங்கணும் என்டில்ல.

பேர்போன பரிசோதனைகள அப்பிடியே கதையா சொல்லிக்கொண்டு போறதும் பிழை. மாணவர்கள காவலாளி, கைதி என்டு பிரிச்சு நடத்தின 1971 ஸ்டான்ஃபோர்ட் சிறைப் பரிசோதனையில காவலாளியா நடிச்ச ஆக்களுக்கு எப்பிடி நடக்கணும் என்டு குறிப்பு குடுக்கப்பட்டிருந்தது என்டு பிறகு வெளிவந்த பதிவுகள் காட்டுது, ஆனா இன்னும் மனுசன் இயல்பா கொடூரமானவன் என்டதுக்கு அதத்தான் ஆதாரமா காட்டுறாங்க. 2015 ல நூறு உளவியல் ஆய்வுகள திருப்பிச் செஞ்சு பாத்தப்ப பாதிக்கும் குறைவாத்தான் அதே முடிவு வந்தது. இத கேட்டு உளவியலே பொய் என்டு சொல்ல வேணாம், தன்ர பிழைய தானே தேடிப்பிடிச்ச துறை அது. மூளையில பத்து வீதம்தான் பாவிக்கிறம், இடது மூளை ஆள் வலது மூளை ஆள், இதெல்லாம் கட்டுக்கதை, வகுப்புல சொல்லவே வேணாம்.

சுனாமிக்குப் பிறகு வெளியில இருந்து நிறையப் பேர் உதவிக்கு வந்தாங்க, மனசு நல்லது. ஆனா நடந்தத உடனே ஒரே இருப்புல எல்லாத்தையும் சொல்லவச்சா மனக்காயம் வராது என்ட நம்பிக்கை அந்தக் காலத்துல உலகம் முழுக்க இருந்தது. ஆய்வுகள ஒன்டா சேத்துப் பாத்தப்ப அந்த ஒருதர முறை தடுப்பா வேலை செய்யல்ல, சிலருக்கு மனக்காயத்த கூட்டவும் செஞ்சிருக்கலாம் என்டு தெரிஞ்சது, உலக சுகாதார நிறுவனமும் அத செய்ய வேணாம் என்டுதான் சொல்லுது. அதுக்குப் பதிலா உளவியல் முதலுதவி: பாதுகாப்பா இருக்கிறாங்களா என்டு பாக்கிறது, சொல்ல விரும்பினா கேக்கிறது, சொல்லச் சொல்லி வற்புறுத்தாம விடுறது, சொந்தக்காரரோட சேத்துவிடுறது. மூதூர்லயோ கிண்ணியாவிலயோ வெள்ளம் வந்து வேலைக்கு போற ஆக்கள் இந்த ஒன்ட மட்டும் மறக்கவே கூடாது.

கடைசியா கிளைகள். உளவியல் என்டா பைத்தியம் பாக்கிறது என்டு வீட்டுல சொல்லுவாங்க, படிக்கிற ஆக்களும் அதுக்கு கிட்டத்தான் நிக்கிறாங்க. பிள்ளை எப்பிடி வளருது என்டு பாக்கிற விருத்தி உளவியல், வகுப்பறைக்கு கல்வி உளவியல், வேலைத்தளத்துக்கு கைத்தொழில் உளவியல், கூட்டத்துல மனுசன் எப்பிடி மாறுறான் என்டு சமூக உளவியல், இதெல்லாம் நோய் பாக்கிறத முக்கிய வேலையா வச்சிராத கிளைகள். நோய்ப் பக்கத்துலதான் குழப்பம் ஆபத்தா முடியுது. உளமருத்துவர் எம்பிபிஎஸ் முடிச்ச டொக்டர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் சோதிச்சு மதிப்பிட்டு, கதைச்சு சிகிச்சை செய்வார், மருந்து எழுத மாட்டார். உளவளத்துணையாளர் துக்கம், குடும்பப் பிரச்சினை, படிப்பு அழுத்தம் இதுகள்ள கூட நிப்பார், பிரதேச செயலகத்துலயும் இருக்கிறாங்க. டிப்ளோமா எடுத்திட்டு ஒருத்தருக்கு இன்ன நோய் என்டு பெயர் வைக்கிறது எங்கட வேலை இல்ல. காதுல குரல் கேக்குது, நாள் கணக்கா நித்திரை இல்ல, சாகப்போறன் என்டு சொல்றாங்க என்டா அன்டைக்கே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு கூட்டிக்கொண்டு போங்க, உடனே போக வழியில்லாட்டி தேசிய மனநல நிறுவனத்தின்ர 1926 தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்க. ஏற்கனவே மருந்து பாவிக்கிற ஆள் என்டா, கவுன்சிலிங் தொடங்கிட்டம் தானே என்டு மருந்த நிப்பாட்டச் சொல்லாதீங்க, அத எழுதித் தந்த டொக்டர்தான் சொல்லணும்.