கையால் வரைந்த கிட்டாருக்கு கிளியர் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரக்கணக்கில் உட்கார்ந்து கிட்டார் பாடியில் படம் வரைகிறார்கள், கடைசியில் அதன் மேல் கிளியர் (படத்தைக் காக்கும் நிறமற்ற பூச்சு) அடிக்கிற ஒரு மணி நேரத்தில் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். புதிதாக வருபவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், எல்லாமே நான் தொடக்கத்தில் செய்தவைதான். ஸ்பிரே டப்பாவைக் குலுக்குவது, தூசி இல்லாத இடம் பார்ப்பது இதெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கும், விட்டுவிடுகிறேன்.

முதல் கோட்டிங்கையே ஈரமாக அடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். அடித்த உடனே பளபளப்பு தெரிய வேண்டும் என்ற அவசரம். கிளியர் வகைகளில் ஒன்றான லாக்கரில் இருக்கும் தின்னர் (கரைப்பான்) வீரியமானது; பெயின்ட் மார்க்கர் கோடுகள் பலவற்றை அது அப்படியே இளக்கிவிடும். நண்பர் ஒருவர் வெள்ளைப் பரப்பின் மேல் மெல்லிய கறுப்புக் கோடுகளால் முழு பாடியையும் நிரப்பியிருந்தார். முதல் கோட்டிங் நனைய நனைய விழுந்ததும் கோடுகள் கண்ணெதிரே கசிந்து பரவின, பதறிப்போய் துணியால் துடைத்தார், மிச்சமிருந்ததும் இழுபட்டுப் போனது. மரம் தெரியும்வரை தேய்த்து முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று.

முதல் சில கோட்டிங்குகள் தூறலாகத்தான் விழ வேண்டும். 25–30 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டி, பார்க்கச் சொரசொரப்பாக இருந்தாலும் விட்டுவிட்டு, அது காய்ந்தபின் அடுத்தது. அந்த மெல்லிய படலம் படத்தை மூடிய பிறகுதான் ஈரக் கோட்டிங். படத்துக்கும் லாக்கருக்கும் நடுவில் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) அடித்தால் போதும் என்பார்கள். பல இடங்களில் உதவும், ஆனால் ஷெல்லாக் ஆல்கஹாலில் கரைத்தது, ஆல்கஹால் மார்க்கரால் வரைந்திருந்தால் அதுவே கோட்டைக் கரைக்கும். தண்ணீர் சார்ந்த கிளியரைப் பிரஷ்ஷால் பூசினாலும் சில மார்க்கர்கள் இழுபடும். அதனால் ஒரு துண்டு மரத்தில் அதே பிரைமர், அதே பெயின்ட், அதே கிளியர் அடித்துப் பாருங்கள். இவ்வளவு உழைத்தவர்கள் இந்த அரை நாளை மட்டும் ஏன் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

தொட்டால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நினைப்பது

அக்ரிலிக் மேலே சீக்கிரம் காய்ந்துவிடும், தடிமனாகப் பூசிய இடங்களில் உள்ளே ஈரம் நிற்கும். மூடி அடைத்தால் மங்கும், சுருங்கும். சில நாள் விடுங்கள். ஆயில் பெயின்ட் என்றால் மாதக்கணக்கு.

விளிம்பில் உப்புத்தாள்

கிளியர் மிக மெல்லியதாக நிற்பது விளிம்பில்தான், பிரஷ் தடம் மேடாக இருக்கும் இடங்களிலும்தான். போதுமான கோட்டிங் ஏறுமுன் சமன்படுத்தத் தொடங்கினால் உப்புத்தாள் நேராகப் படத்தில் போய் நிற்கும். தேய்க்கும் தண்ணீரில் நிறம் கலந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். அப்புறம், திருகுத் துளைகளில் அந்தத் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி, சுற்றிலும் கிளியர் விரிசல் விடும்.

நெக் பொருந்தும் குழி

டேப் ஒட்டி மூடுங்கள். தடிமன் ஏறினால் நெக் உட்காராது.

ஈரப்பதமான நாளில் லாக்கர்

வேண்டாம். வெண்மை படரும்.

டூ-கே கிளியரைச் சாதாரண முகமூடியோடு அடிப்பது

டூ-கே என்பது கெட்டிப்படுத்தி கலந்து அடிக்கும் கிளியர். அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆபத்து. துணி முகமூடி காப்பாற்றாது. முறையான பாதுகாப்புச் சாதனம் இல்லையென்றால் அந்த டப்பாவைத் தொடாதீர்கள்.

பாகங்களை அவசரமாகப் பூட்டுவது

நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் என்றால் சில வாரம் தொங்கவிடுங்கள். மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை வந்தால் இன்னும் ஆறவில்லை, இப்போது தகடுகளை முறுக்கினால் அச்சு பதியும். முழுக்க ஆறிய பிறகும் ரப்பர் பிடியுள்ள ஸ்டாண்டில் வைக்காதீர்கள், ரப்பர் நைட்ரோவை இளக்கித் தடம் போட்டுவிடும்.