சேற்றில் கார் சிக்கினால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள்

கார் சேற்றிலோ மணலிலோ சிக்கி நகர மறுத்தால், சறுக்கும் கார் படம் போட்ட பொத்தானை அழுத்தி டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு முயன்று பாருங்கள். சில வண்டிகளில் அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். சக்கரம் வழுக்கிச் சுழன்றதுமே இந்த வசதி எஞ்சினின் விசையைக் குறைத்துவிடும். நனைந்த தார்ச்சாலையில் நம்மைக் காப்பதே அதுதான். ஆனால் சேற்றில், டயரில் அப்பிய மண்ணை உதறிவிட்டு ஏற, சக்கரம் கொஞ்சம் சுழன்றாக வேண்டும். ஆக்சிலரேட்டரை மெதுவாகவே மிதியுங்கள், இல்லாவிட்டால் குழிதான் ஆழமாகும்.

ஒரு சக்கரம் மட்டும் அந்தரத்தில் சுழன்றால் அணைக்க வேண்டாம். அதற்கு பிரேக் போட்டு, பிடிப்புள்ள மறுபக்கச் சக்கரத்துக்கு விசையைத் தள்ளுவதும் இதே வசதிதான். அப்புறம், கெட்டியான சாலைக்கு வந்ததும் உடனே திரும்பப் போட்டுவிடுங்கள்.