தலைப்பிரசவம்: வளைகாப்புக்கு முன்னால் நடக்கும் தவறுகள்

புதிதாக வாங்கிய வயலில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று முதல் போகத்தில் தெரியாது. தலைப்பிரசவமும் அப்படித்தான். பழைய கணக்கு கையில் இல்லாததால் யாருக்கு பிரஷர் ஏறும், யாருக்குக் குறைமாதத்தில் வலி வரும் என்று முன்கூட்டிச் சொல்வது சிரமம். அதனால்தான் முதல்முறை கருவுற்றவர்களை மட்டும் சேர்த்து, அமெரிக்காவில் 2010 முதல் 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்தில் நடந்த ஸ்கோப் ஆய்வும் இதே வகைதான்.

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் நான் அதிகம் பார்ப்பது, கண் பட்டுவிடும் என்று நாலு மாதம் வாய் திறக்காமல் இருப்பது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. நர்ஸம்மாவிடமும் சொல்லாவிட்டால் எப்படி? 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், பிரஷர் ஏறும் ஆபத்து அதிகம் என்று கணித்தவர்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள்ளேயே தினமும் 150 மி.கி. ஆஸ்பிரின் தொடங்கினார்கள். 37 வாரத்துக்குள் பிரசவிக்க வைக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய், அவர்களில் 1.6 சதவீதம் பேருக்கு வந்தது. மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களில் 4.3 சதவீதம். ஐந்தாம் மாதம் போய் நின்றால் அந்தக் காலம் கடந்திருக்கும். இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், அது வேறு வம்பு.

"எங்க வீட்டுல எல்லாம் சுகப்பிரசவம்" என்று மாமியார் சொல்வார். கேட்க வேண்டியது பெண்ணின் அம்மாவிடம்: உங்களுக்கோ மூத்த பெண்ணுக்கோ பிரசவ சமயத்தில் பிரஷர், வலிப்பு வந்ததா? இவள் பிறந்தபோது எடை எவ்வளவு? ப்ரீ-எக்லாம்ப்சியா யாருக்கு வரும் என்று ஸ்கோப் ஆய்வில் போட்ட கணிப்பில் இவை இரண்டுமே சேர்ந்திருந்தன. அப்படியும் அந்தக் கணிப்பு பாதிக்கிணறுதான். "ஆபத்து குறைவு" என்று வந்தவர்களுக்கும் நோய் வந்தது. அதனால் மாதாந்திர செக்கப்பை விடாதீர்கள்.

என் தங்கைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம், வளையல் பெட்டி, மல்லிகைச் சரம், எல்லாம் காரில் ஏறின. செக்கப் அட்டை மட்டும் மன்னார்குடியில் டிவி ஸ்டாண்டு மேலேயே கிடந்தது. கும்பகோணத்தில் பார்த்த டாக்டருக்கு அன்றைய பிரஷர் 130/86 மட்டும்தான் தெரியும்; மூன்றாம் மாதம் 100/60 இருந்தது தெரியாது. அந்த ஏற்றம்தான் சேதி. அட்டையை வளையல் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

அப்புறம், பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில் பிரஷர் பார்க்கக் கை நீட்டுவது. ஐந்து நிமிடம் உட்காருங்கள், பேசாமல்.

கால் வீக்கம் பலருக்கும் வரும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளை பிறந்த முதல் வாரத்திலும் பிரஷர் ஏறலாம். எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்கும்போது அவள் தலை வலிக்கிறது என்றால், தூக்கமில்லை என்று விட்டுவிடாமல் அளந்து பாருங்கள்.