சூரியன் விநாடிக்கு எவ்வளவு இளைக்கிறது? கணக்குப் போடும் முறை

ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து ஒன்றரை லட்சம் கனஅடி என்றால் பரிசல் ஓடாது, அருவிகளே கண்ணில் படாது. அந்த வெள்ளத்தைப் போல ஆயிரம் மடங்கு நிறையைச் சூரியன் ஒவ்வொரு விநாடியும் வெறும் ஒளியாக இழக்கிறது. பள்ளி மாணவரே போடக்கூடிய கணக்குதான். வழுக்குவது பத்தின் அடுக்குகளில்.

தொடங்க வேண்டிய எண் சூரிய மாறிலி. பூமி இருக்கும் தூரத்தில், காற்றுமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேருக்கு நேர் பார்க்கும் ஒரு சதுர மீட்டரில் 1361 வாட் விழுகிறது. மொட்டைமாடி சோலார் பேனலின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 1000 வாட்டை எடுத்துவிடாதீர்கள். காற்று தின்றது போகத் தரைக்கு வந்து சேரும் வெயிலுக்கான எண் அது. விடை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

சூரியன் நம் பக்கம் மட்டும் ஒளிவீசுவதில்லை. ஆகவே 1.496 × 10¹¹ மீட்டர் ஆரமுள்ள முழுக் கோளத்தின் பரப்பு வேண்டும்: 4 × 3.1416 × ஆரம்² = 2.812 × 10²³ சதுர மீட்டர். தூரத்தைக் கிலோமீட்டரில் போட்டால் பரப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பரப்பை 1361-ஆல் பெருக்கினால் 3.83 × 10²⁶ வாட். வாட் என்பதே விநாடிக்கு ஒரு ஜூல் என்பதால் நேரத்தைத் தனியே நுழைக்கத் தேவையில்லை.

இனி ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டிய வழி: ஆற்றலை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நிறை. ஒளிவேகம் 2.998 × 10⁸ மீட்டர், வர்க்கம் 8.988 × 10¹⁶. கால்குலேட்டரில் இந்த வகுக்கும் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் அது 8.988-ஆல் வகுத்துவிட்டு 10¹⁶-ஆல் பெருக்கும். விடை 10³² மடங்கு ஊதிவிடும். சரியான விடை 4.26 × 10⁹ கிலோ, அதாவது விநாடிக்கு 42.6 லட்சம் டன்.

சூரியன் விநாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குவதாகப் படித்திருப்பீர்கள். இரண்டும் முரண் அல்ல. எரிவதில் 0.7 சதவீதம் மட்டுமே ஒளியாகிறது, மீதி ஹீலியமாக உள்ளேயே தங்குகிறது.

ஆண்டுக்கு 3.156 × 10⁷ விநாடி. பெருக்கி, சூரியனின் நிறையான 1.989 × 10³⁰ கிலோவால் வகுத்தால் 6.8 × 10⁻¹⁴. இதே வேகத்தில் 460 கோடி ஆண்டு போனாலும் இழப்பு 0.03 சதவீதம்தான், இளம் சூரியன் மங்கலாக இருந்ததால் உண்மை இதைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த 6.8 × 10⁻¹⁴-ஐப் பூமியின் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள்: ஈர்ப்பு தளர்வதால் நம் பாதை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அகல்கிறது. அழகான விடை!

வேறு விண்மீனுக்கு ஒளிர்திறன் சூரியனைப் போல எத்தனை மடங்கு என்று தெரிந்தால் போதும். சிரியஸ் ஏறக்குறைய 25 மடங்கு, ஆகவே விநாடிக்குப் பத்தரைக் கோடி டன். ஆனால் திருவாதிரை போன்ற சிவப்பு மீப்பெருவிண்மீனுக்கு இந்த விடையை மட்டும் நம்பக்கூடாது. அது வாயுவாக ஊதித் தள்ளும் நிறை, ஒளியாக இழப்பதைப்போல நூறு மடங்கையும் தாண்டும்.