வாரம் அரைக் கிலோ: எடையை எப்படிக் குறைப்பது, அசையாமல் நின்றால் என்ன செய்வது

"முதல் மாதம் மூன்று கிலோ இறங்கியது. இரண்டாம் மாதம் ஒன்றும் ஆகவில்லை. விட்டுவிட்டேன்." இப்படிச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த இரண்டாம் மாதத்திலும் அவர்கள் செய்துவந்தது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். வேகம் குறையும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் குறை. அதனால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு முன்னெச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். சாப்பாடு குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது எடை குறைக்கும் காலமே அல்ல.

முதல் படி: இலக்கைச் சிறியதாக வையுங்கள்

இப்போதிருக்கும் எடையில் 5 சதவீதம் போதும். 78 கிலோ இருப்பவருக்கு அது ஏறக்குறைய 4 கிலோ. இந்த அளவு குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம். அரைக் கிலோவுக்குக் கீழே போனாலும் தவறில்லை. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. கொழுப்போடு தசையும் கரைகிறது.

இரண்டாம் படி: எடை பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, காபிக்கு முன்னால், ஒரே கருவியில், ஒரே மாதிரியான உடையில் பாருங்கள். கருவியைத் தரைவிரிப்பின் மேல் வைக்காதீர்கள், வெறும் தரையில் வையுங்கள். வருகிற எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு வாரம்:

திங்கள் 78.4, செவ்வாய் 78.1, புதன் 78.9, வியாழன் 78.6, வெள்ளி 78.0, சனி 77.9, ஞாயிறு 77.7.

செவ்வாய் இரவு ஒரு கல்யாண விருந்து. அப்பளம், ஊறுகாய், இரண்டு முறை பாயசம். மறுநாள் காலை 800 கிராம் கூடியிருந்தது. ஒரே இரவில் 800 கிராம் கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஆறாயிரம் கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். நான் அவ்வளவு சாப்பிடவில்லை. உப்பு பிடித்துவைத்த தண்ணீரும், இன்னும் வயிற்றில் இருந்த உணவும்தான் அந்த எண்ணில் தெரிந்தன. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் மலச்சிக்கல் இருக்கும்போதும் இதேபோல ஏறும்.

ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் 78.2. அடுத்த வாரத்தின் சராசரி 77.8. குறைந்தது 400 கிராம். இந்தக் கணக்கு மட்டுமே உங்களுக்கு வேண்டியது. தினமும் பார்ப்பது மனத்தைச் சோர்வடையச் செய்தால், வாரத்தில் ஒரு நாள் மட்டும் பாருங்கள். கூடவே தையல்காரர் வைத்திருக்கும் டேப்பை வாங்கி, மாதம் இருமுறை தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி அளந்து எழுதுங்கள்.

மூன்றாம் படி: நாளுக்கு 500 கலோரியை வீட்டிலேயே தேடுங்கள்

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறையும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மூன்று டம்ளர் காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 120 கலோரி. மதியம் 100 கிராம் சோறு குறைத்தால் 130. முக்கால் மணி நேர வேக நடை சுமார் 150.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது 270 கலோரிக்கு மேல். அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்கு 70 கலோரி குறைகிறது, ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் டீஸ்பூனால் அளந்து விடுங்கள். முதல் மூன்று நாள் வாணலி வறண்டிருப்பதுபோலத் தோன்றும். பிறகு கை பழகிவிடும்.

குறைத்த சோற்றின் இடத்தில் கீரை, பொரியல், சுண்டல், முட்டை வரட்டும். தசையைக் காப்பாற்றப் புரதம் வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், நாற்காலியில் உட்கார்ந்து கைகளை ஊன்றாமல் எழுந்திருக்கும் பயிற்சியைச் செய்யுங்கள்.

நான்காம் படி: முதல் வாரத்தின் எண்ணை நம்பாதீர்கள்

முதல் வாரமே இரண்டு கிலோ குறையலாம். மாவுச்சத்தைக் குறைத்ததும் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருந்த கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு செலவாகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும்; அதுவும் வெளியேறும். இந்த வேகத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டவர்கள்தான் நான்காம் வாரத்தில் உடைந்துபோகிறார்கள்.

ஐந்தாம் படி: எடை நின்றுவிட்டால்

நிற்கும். எல்லோருக்கும் நிற்கும். ஒரு கிலோ குறைந்தால் உடலின் அன்றாடச் செலவு ஏறக்குறைய 20 முதல் 25 கலோரி குறைகிறது. எட்டுக் கிலோ குறைந்தவருக்கு அது 200 கலோரிக்கு அருகில் வந்துவிடும். 500 என்று தொடங்கிய பற்றாக்குறை அதே சாப்பாட்டில் 300 ஆகிவிடுகிறது. லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதால் பசி கூடுகிறது. நம்மை அறியாமலே நடமாட்டமும் குறைகிறது.

இந்த நேரத்தில் பதறிப்போய்ச் சாப்பாட்டைப் பாதியாக வெட்டுவதுதான் பெரிய ஆபத்து. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி உணவு கொடுத்துப் பார்த்தார். உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. அவர்களுக்கு எப்போதும் குளிரெடுத்தது, எதிலும் உற்சாகமில்லை, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். மன உறுதியில் குறையில்லாதவர்களுக்கே அந்த நிலை.

ஆகவே இந்த வரிசையில் போங்கள். வாரச் சராசரி இரண்டு மூன்று வாரம் நகராவிட்டால் எதையும் மாற்றாதீர்கள். டேப்பை எடுங்கள், சுற்றளவு குறைந்திருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. நான்கு வாரம் இரண்டுமே அசையாவிட்டால், ஒரு வாரம் வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். குழந்தை தட்டில் மிச்சம் வைத்த தோசை, அலுவலகத்தில் நான்கு மணி பிஸ்கட், ருசி பார்த்த வடை எல்லாம் நோட்டில் வரட்டும். பிறகு ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். நடையைக் கால் மணி நேரம் கூட்டலாம், அல்லது மாலைப் பலகாரத்தைச் சுண்டலாக்கலாம். மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, மறுபடியும் மூன்று வாரம் கொடுங்கள். இரவுத் தூக்கம் ஐந்து மணி நேரம்தான் என்றால், மாற்ற வேண்டிய அந்த ஒன்று தூக்கம்.

அளவிட்டுச் சாப்பிட்டும் எடை கூடிக்கொண்டே போனாலோ, கடும் சோர்வும் முடி உதிர்வும் சேர்ந்திருந்தாலோ, தைராய்டு பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆறாம் படி: நடுவில் நின்று இளைப்பாறுங்கள்

5 சதவீதம் குறைந்ததும் ஒரு மாதம் குறைக்கும் முயற்சியை நிறுத்துங்கள். அந்த எடையிலேயே நிற்பது மட்டும்தான் அந்த மாதத்தின் வேலை. சோறு அரைக் கரண்டி கூடலாம். நடையும் நோட்டும் அப்படியே தொடரட்டும். வாரச் சராசரி ஒரு கிலோ ஏறிவிட்டால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். ஏறவில்லையென்றால் மாத முடிவில் புதிய எடையில் 5 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, நோட்டில் அடுத்த பக்கத்தைத் திறங்கள்.