ஆடிய பூல் கியூவின் இணைப்பை ஒட்டிய கதை

ஒவ்வொரு அடிக்கும் கையில் 'டிக்'கென்று ஒரு அதிர்வு. என் இரண்டு துண்டு பூல் கியூவை (மேசையில் பந்தை அடிக்கும் கோல்) எவ்வளவு இறுக்கினாலும் அது போகவில்லை. கோல் நுனியில் பந்தைத் தொடும் டிப்தான் கோளாறு என்று நினைத்துப் புது டிப் வேறு ஒட்டினேன், தண்டச் செலவு. அப்புறம் கழற்றி, இரண்டு துண்டையும் இணைக்க அடித்துண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டை அசைத்துப் பார்த்தால், ஆட்டம் கண்ட பல் மாதிரி ஆடியது. உள்ளே பசை விட்டுப்போயிருந்தது.

என்னுடையது 5/16 அங்குல போல்ட், அங்குலத்துக்கு 18 மரை. நுனியில் சால்டரிங் அயர்னை வைத்துச் சூடாக்கியதும் மிச்சப் பசை இளகியது. இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, ஸ்பேனரால் திருகி எடுத்தேன். துளையிலிருந்து மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. போல்ட்டை அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன்.

ஒட்டுவதற்கு இரண்டு ட்யூபைக் கலக்கும் எபாக்ஸி பசை. 5 நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், நேராக்க அவகாசமே தராது. வெளியே நீட்டும் மரையிலும் மூட்டு முகத்திலும் மெழுகு தேய்த்துவிட்டேன். இல்லாவிட்டால் கியூ ஒரே துண்டாகிவிடும்! மேல்துண்டை மாட்டி, கண்ணாடி மேசையில் உருட்டி நேர் பார்த்து, 24 மணி நேரம் தொடவில்லை.

இப்போது அந்த 'டிக்' இல்லை.