அட்டிக்கில் ரக்கூனா, அணிலா? ரொறன்ரோ வீடுகளில் வெளியேற்றும் முறை, படிப்படியாக

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கூரைக்குள் சத்தம் கேட்பது புதிதல்ல. கேட்டதும் பலர் செய்வது, ஏணி வைத்து ஏறி ஓட்டையை அடைப்பது. அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. விலங்கு உள்ளே இருக்கும்போது அடைத்தால் ரக்கூன் வேறு இடத்தில் சொஃபிட்டை (கூரை விளிம்பின் அடித்தகட்டை) பிய்த்துக்கொண்டு வெளியே வரும். குட்டி உள்ளேயும் தாய் வெளியேயும் மாட்டினால், தாய் கூரையின் மேலுள்ள ஷிங்கிளைக் கிழித்தாவது உள்ளே போகும். அணில் அடைபட்டால் சுவருக்குள் செத்து நாறும்.

கூண்டு வைத்துப் பிடித்துத் தூரக் காட்டில் விடுவதும் சரிவராது. ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விடவேண்டும். ரக்கூனுக்கு 1 கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை, திரும்பி வந்துவிடும். அது வராவிட்டாலும் ஓட்டை திறந்திருக்கும்வரை இன்னொன்று வரும். ஆகவே, விலங்கு தானாக வெளியே போகவேண்டும், திரும்ப வர வழி இருக்கக்கூடாது. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

படி 1: யார் என்று கண்டுபிடியுங்கள்

விடிந்ததும், பின்னேரத்திலும் வேகமாக ஓடுவதும் கொறிப்பதும் கேட்டால் அணில். இருட்டிய பிறகு பாரமாக நடக்கும், எதையோ இழுக்கும் சத்தம் வந்தால் ரக்கூன். ராத்திரியில் மிக மெல்லிய சத்தம் என்றால் பெரும்பாலும் எலிதான், அதற்கு வழி வேறு. ரொறன்ரோவில் காணும் கறுப்பு அணிலும் சாம்பல் அணிலும் ஒரே இனம், இரண்டுக்கும் ஒரே வேலைமுறைதான்.

பிறகு வெளியே நின்று, முடிந்தால் பைனாகுலரால், கூரையைச் சுற்றிப் பாருங்கள். அணிலுக்கு ஒன்றரை அங்குல ஓட்டை போதும், விளிம்பில் புதிதாகக் கொறித்த வெள்ளை மரம் தெரியும். ரக்கூனின் வாசல் 4 அங்குலத்துக்குக் குறையாது. அலுமினியம் வளைந்திருக்கும், பக்கத்தில் பீலிக் குழாயிலோ செங்கலிலோ அழுக்குக் கால்தடம் இருக்கும். முதலில் பார்க்கவேண்டிய இடம், கீழ்க்கூரை ஒன்று மேல்மாடியின் சொஃபிட்டைச் சந்திக்கும் மூலை. ரக்கூன் கீழ்க்கூரையில் நின்றபடி முதுகால் சொஃபிட்டை மேலே தள்ளிவிடும். அந்த மெல்லிய அலுமினியத் தகடு வெறுமனே சொருகித்தான் இருக்கிறது. அடுத்தது பிளாஸ்டிக் கூரை வென்ட், பீலிக்குப் பின்னால் உக்கிப்போன ஃபேஷியா பலகை, மூடி இல்லாத புகைபோக்கி.

எந்த ஓட்டை பாவனையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், கசக்கிய பத்திரிகைத் தாளை ஓட்டையில் தளர்வாகச் சொருகிவிடுங்கள். தாள் வெளியே கிடந்தால் அதுதான் வாசல். நல்ல காலநிலையில் மூன்று நாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. கடும் குளிரில் இந்தச் சோதனையை நம்பவேண்டாம். உறைபனிக் காலத்தில் ரக்கூன் பல நாள் வெளியே வராமல் படுத்துக் கிடக்கும்.

படி 2: குட்டி இருக்கிறதா?

இதைப் பார்க்காமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். ரக்கூன் பெரும்பாலும் மார்ச் கடைசியிலிருந்து மே வரைக்குள் குட்டி போடும். குட்டிகள் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குத் தாயோடு வெளியே நடமாடாது. அணில் வருடத்துக்கு இரண்டு தடவை ஈனும்: வசந்தத் தொடக்கத்தில் ஒன்று, ஜூலை, ஆகஸ்ட் அளவில் ஒன்று. குருவி கத்துவதுபோல் தொடர்ச்சியாகக் கீச்சுச் சத்தம் கேட்டாலோ, பட்டப்பகலில் ரக்கூன் அடிக்கடி வந்துபோனாலோ குட்டி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்பான காலம் அக்டோபர், நவம்பர். அணில் குட்டி என்றால், அவை தாமே ஓடித் திரியும்வரை சில கிழமை பொறுப்பதே மலிவான வழி.

அட்டிக்குக்குள் தலையை நீட்டிப் பார்ப்பவர்கள் கவனிக்க: மரச் சட்டத்தில் மட்டும் கால் வையுங்கள், இன்சுலேஷனில் மிதித்தால் கீழ் அறையின் சீலிங் வழியாக இறங்குவீர்கள். 1990க்கு முன் கட்டிய வீட்டில், சாம்பல் கலந்த பொன்நிறத்தில் சிறு கல் மாதிரி இன்சுலேஷன் தெரிந்தால் அதைக் கிளறாமல் இறங்கிவிடுங்கள். அது வெர்மிகுலைட், அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும்.

படி 3: தாய் ரக்கூனைத் தானாகக் கிளம்பச் செய்யுங்கள்

தாய் ரக்கூனுக்கு வேறு இரண்டொரு வளைகள் எப்போதும் கைவசம் இருக்கும். இந்த இடம் அமைதியாக இல்லை என்று பட்டால் குட்டிகளைப் பிடரியில் கவ்வி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விடும். அதற்கு வெளிச்சம், மனிதக் குரல், மணம் மூன்றும் சேர்ந்து வேண்டும்:

- பேச்சு நிகழ்ச்சி ஓடும் வானொலி, பகலும் இரவும். பாட்டைவிடப் பேச்சு நல்லது.
- வளையைப் பார்த்தபடி ஒரு எல்.ஈ.டி. விளக்கு. சூடாகும் பழைய பல்பு வேண்டாம், இன்சுலேஷன் பற்றிக்கொள்ளும்.
- ஆப்பிள் சைடர் வினிகரில் நனைத்த துணி, துளைபோட்ட பையில், வளைக்குக் கிட்ட.

குறைந்தது மூன்று இரவு விடுங்கள். மழையிலும், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும் இரவிலும் குட்டியை வெளியே எடுக்காது, அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூச்சி உருண்டை போடச் சொல்லும் அறிவுரை இணையமெங்கும் கிடக்கிறது. விலங்கு அதைத் தள்ளிவிட்டுப் படுக்கும், நஞ்சுப் புகை உங்கள் படுக்கையறைக்குள்தான் இறங்கும்.

படி 4: ஒருவழிக் கதவு

குட்டி இல்லை என்று உறுதியான பிறகு மட்டும். தேவையானவை:

- ஸ்பிரிங் பூட்டிய ஒருவழிக் கதவு: அணிலுக்குச் சிறியது, ரக்கூனுக்குப் பெரியது. ஒன்றை மற்றதுக்குப் பாவிக்க முடியாது.
- அரை அங்குலக் கண் உள்ள கல்வனைஸ் கம்பிவலை. அணிலுக்கு 19 கேஜ் போதும். ரக்கூனுக்கு 16 கேஜ் வாங்குங்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்.
- ஒன்றரை அங்குல வெளிப்புற ஸ்க்ரூ, அகன்ற வாஷர்.
- தகரக் கத்தரி, தடித்த தோல் கையுறை.

முதலில் கூரையில் உள்ள மற்ற எல்லாப் பலவீனமான இடங்களையும் வலையால் மூடுங்கள். பாவனையில் உள்ள வாசல் மட்டும் மிஞ்சவேண்டும். இதைச் செய்யாமல் கதவைப் பூட்டியவர்களுக்குத்தான் அணில் ஒரு அடி தள்ளிப் புது ஓட்டை போட்டுக் கொடுக்கும். பிறகு கதவை வாசலுக்கு நேரே வைத்து, சுற்றிவர வலையால் இடைவெளி இல்லாமல் இறுக்குங்கள். கையால் தள்ளிப் பாருங்கள்: வெளிப்பக்கம் இலகுவாகத் திறக்கவேண்டும், விட்டதும் தானாக மூடவேண்டும். பனி விழுந்து ஸ்பிரிங் உறைந்தால் கதவு சிறையாகிவிடும், அதனால் ஜனவரியில் இந்த வேலை வேண்டாம்.

அணிலுக்கு வெயில் நாள் நாலைந்து, ரக்கூனுக்கு ஒரு கிழமை. சத்தம் முற்றாக நின்ற பிறகு, உள்ளிருந்து மறுபடி தாள் சோதனை.

ஏணிக்கு ஒரு சொல். 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் அடியைத் தள்ளி வைத்து, நுனி கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நிற்கவேண்டும். ஓட்டைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், குட்டியோடு இருக்கும் தாய் பாயும். இரண்டாம் மாடி உயரம் என்றால் ஆளைக் கூப்பிடுவதே புத்தி.

படி 5: அடையுங்கள்

ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 4 அங்குலம் பெரிதாக வலையை வெட்டி, 3 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, ஒவ்வொன்றுக்கும் வாஷர். அலுமினியத் தகட்டில் அல்ல, அதற்குப் பின்னால் உள்ள மரத்தில் ஸ்க்ரூ பிடிக்கவேண்டும். தகட்டில் பூட்டினால் ரக்கூன் தகட்டோடு சேர்த்துக் கழற்றிவிடும். உக்கிய பலகையை மாற்றிவிட்டே மூடுங்கள். ஸ்பிரே நுரை, ஸ்டேப்பிள், கோழிவலை மூன்றும் காசுக்குக் கேடு: நுரையை அணில் சில நிமிடத்தில் கொறிக்கும், கோழிவலையை ரக்கூன் கையால் பிரிக்கும். கூரை வென்ட்டுகளை மூடக்கூடாது, காற்று போகவேண்டும். மேலே கம்பிவலைக் கூடு பூட்டுங்கள்.

டெக்கின் கீழே என்றால் வலையை மண்ணுக்குள் 12 அங்குலம் இறக்கி, அடியில் இன்னும் 12 அங்குலம் வெளிப்பக்கமாக மடித்து மண் போடுங்கள். தோண்டும் விலங்கு வலையில் முட்டி நின்றுவிடும்.

படி 6: துப்புரவு

ரக்கூன் ஒரே இடத்தில் குவியலாக மலம் கழிக்கும். அதில் பேலிஸாஸ்காரிஸ் என்ற உருளைப்புழுவின் முட்டை இருக்கலாம். மனிதரின் உடலுக்குள் போனால் மூளையையும் கண்ணையும் தாக்கும், சிறுபிள்ளைகளுக்கு ஆபத்து கூட. முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும், ஆகவே புதிதாகக் கண்டால் உடனே அகற்றுங்கள். பிளீச் அந்த முட்டையைக் கொல்லாது, கொதிநீர் கொல்லும்.

என்95 முகக்கவசம், கையுறை, கழுவக்கூடிய பூட்ஸ் போட்டு, தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளித்து, வாரி, இரட்டைப் பையில் கட்டுங்கள். டெக், சீமெந்துத் தரை என்றால் மேலே கொதிநீர் ஊற்றுங்கள். அட்டிக்கில் ஊற்ற முடியாது; பழுதான இன்சுலேஷனை வெட்டி எடுத்துப் புதிது போடுவதுதான் வழி. அணில் இருந்த அட்டிக்கில் மின்வயர்களையும் பாருங்கள். உறை கொறிபட்டுச் செம்பு தெரிந்தால் அந்தச் சுற்றின் பிரேக்கரை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கூரைக்கு 6 முதல் 10 அடிக்குள் நீட்டும் கிளைகளை வெட்டுங்கள். உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியின் பூட்டை ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பூட்டுங்கள். ரக்கூனை நினைத்தே 2016இல் நகரசபை அந்தத் தொட்டிகளைக் கொடுத்தது.

வாடகைக்கு இருப்பவர்கள் ஏணி ஏறத் தேவையில்லை. வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது ஒன்ராறியோ சட்டப்படி வீட்டுக்காரரின் பொறுப்பு. சத்தம் கேட்ட திகதிகளோடு எழுத்தில் அறிவியுங்கள், தொலைபேசியில் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கடினம். தள்ளாடும், நோய்ப்பட்ட, காயப்பட்ட விலங்கைக் கண்டால் ரொறன்ரோவில் 311க்கு அழையுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரத்தால் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். ஹமில்ரன் பகுதியில் 2015 டிசம்பரில் ரக்கூன் ரேபிஸ் (விசர்நோய்) மறுபடி தலைகாட்டியது.